பழைய லேப்டாப்புக்குப் பதின்மூன்று தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி அலுத்துக்கொண்டிருந்தார். புதிதாக ஃபைபர் இணைப்பு போட்டாராம், போனில் வைஃபை பறக்கிறதாம், பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிய கம்ப்யூட்டரில் மட்டும் வரவே மாட்டேன் என்கிறதாம், யாரைக் கேட்டாலும் 'பழசு சார், மாத்திடுங்க' என்கிறார்களாம். அதே வார்த்தையைக் கேட்டு, முப்பத்தைந்தாயிரம் ரூபாயை வங்கியிலிருந்து எடுத்து பீரோவில் வைத்தவன் நான். அந்தப் பணம் பிழைத்த கதையைச் சொன்னால் அவருக்கும், அவரைப் போல இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், நீங்கள் வெட்டிக்கொள்ளலாம்.

என்னுடைய லேப்டாப் 2011-இல் அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. விண்டோஸ் 7. மூடியின் ஒரு பக்கக் கீல் போய்விட்டது, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரைச் செருகி வைத்திருக்கும்வரைதான் உயிர். ஆனால் விசைப்பலகை அருமையானது. தபால் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன், டைப்ரைட்டரில் பழகிய விரல். இப்போது வருகிற தட்டையான விசைகளில் எழுத்து விழுந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரிவதில்லை. இதில் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையிலேயே தட்டச்சு செய்ய வசதி பண்ணி வைத்திருந்தேன். நான் பத்திரிகைகளுக்கு எழுதும் கடிதம், சங்கத்துக்கு எழுதும் மனு எல்லாம் இதில்தான்.

பழைய டெலிபோன் கம்பி வழியாக இணையம் வந்த காலம் முழுக்க இந்த லேப்டாப் ஒரு தொந்தரவும் தரவில்லை. ஃபைபர் போட வந்த தம்பி ஹாலில் மோடம் என்கிற வெள்ளைப் பெட்டியை மாட்டி, போன், டிவி எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, லேப்டாப்பையும் இணைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார். முதல் நாள் வந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். முதல் நாள் வந்த ஒன்று அப்புறம் வராமல் போனால், நாம் லேப்டாப்பைத்தானே சந்தேகப்படுவோம்?

நான்காம் நாள் எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் வந்தது. லேப்டாப்பைத் திறந்தால் எங்கள் வைஃபை பெயரைக் காணோம். சிக்னல் குறைச்சல் என்றோ பாஸ்வேர்டு தப்பு என்றோ ஒன்றும் சொல்லவில்லை, பட்டியலில் பெயரே இல்லை, அவ்வளவுதான். ஆனால் எதிர்வீட்டு வைஃபை தெரிகிறது, மாடிவீட்டுக்காரருடையது தெரிகிறது, தெருமுனை மருந்துக்கடையுடையதுகூட ஒரு கோடு காட்டுகிறது. ஆறடி தூரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும் எங்கள் வீட்டுப் பெட்டி மட்டும் தெரியவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் வீட்டுச் சாமானாச்சே, அதுக்கு நம்ம வீடு எங்க கண்ணுக்குத் தெரியப்போகுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "மோடத்தை ஆஃப் பண்ணி, பத்து செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்." செய்தேன், வந்தது! இரண்டு நாள் ஓடியது. மறுபடி கரண்ட் போய் வந்தது, மறுபடி காணோம். ஆஃப், ஆன். இந்த முறை வரவில்லை. மூன்றாவது தடவை ஆஃப், ஆன். வந்தது. இப்படி இரண்டு வாரம். ஒரு கட்டத்தில் ராகுகாலம் பார்த்து ஆன் செய்யலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன், உண்மையாகச் சொல்கிறேன்.

சரி என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடையில் அவர்கள் வைஃபையில் கணத்தில் இணைந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் இல்லை. பல் டாக்டரிடம் போனதும் பல்வலி நின்றுபோவது போல. மறுநாள் திரும்பக் கொண்டுபோனதற்கு, அவர் என்ன நினைத்தாரோ, ஃபார்மட் செய்து, அதாவது உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டு, ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். என் டைப்ரைட்டர் விசை அமைப்பு போயிற்று, எழுத்துருக்கள் போயின, வைஃபை மட்டும் அப்படியே வராமல் இருந்தது. "வைஃபை கார்டு வீக் சார், போர்டும் போற நேரம்தான், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்றார். அன்றைக்குத்தான் பணத்தை எடுத்து பீரோவில் வைத்தது.

எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். புது லேப்டாப் எது வாங்கலாம் என்று கேட்கத்தான் அவனைக் கூப்பிட்டேன். அவன் தன் போனில் வைஃபை அனலைசர் என்று ஒரு செயலியைத் திறந்து ஹாலில் நின்றான். திரையில் மலைமலையாக வளைவுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒவ்வொரு வீட்டின் வைஃபை பெயர். இடது பக்கம், நடு, வலது பக்கம் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, வலது ஓரத்தில் தனியாக ஒரு பெரிய மலை. அதுதான் எங்கள் பெட்டி. "தாத்தா, இது எந்த ஊர்ல வாங்கின லேப்டாப்?" என்றான். அமெரிக்கா என்றேன். சிரித்துவிட்டான். "உங்க மோடம் 13-ல நிக்குது தாத்தா. இதுக்கு 11-க்கு மேல கண்ணு தெரியாது."

விஷயம் இதுதான். வைஃபை பெரும்பாலும் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சேனல் சேனலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 1 முதல் 13 வரை உண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகக் கருவிகளை 11 வரைதான் வேலை செய்யும்படி அமைத்து விற்பது வழக்கம். அங்கே வாங்கிய லேப்டாப்பின் வைஃபை கார்டுக்கு 12, 13 என்று இரண்டு சேனல் உலகத்தில் இருப்பதே தெரியாது. அந்த இரண்டு சேனலில் ஒலிபரப்பாகும் பெயர் அதன் பட்டியலில் வராது. இங்கேதான் புது மோடத்தின் புத்திசாலித்தனம் வினையாக வருகிறது. சேனல் என்ற இடத்தில் 'ஆட்டோ' என்று வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் அது சுற்றிலும் பார்த்து, எங்கே கூட்டம் குறைவோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு மோடம், பெரும்பாலும் 1, 6, 11-ல்தான் நிற்கின்றன. அதனால் 13 காலி. தபால் ஆபீஸில் எல்லாக் கவுண்டரிலும் கூட்டம் என்று பார்த்து, ஒரு நல்ல மனுஷன் பின்கட்டில் புதிதாகப் பதின்மூன்றாவது கவுண்டரைத் திறந்து உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான். கவுண்டர் திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறார், மணியார்டர் எடுத்துவந்த பெரியவருக்கு மட்டும் அப்படி ஒரு கவுண்டர் இருப்பதே தெரியாது.

மின்தடைக்குப் பிறகு ஏன் காணாமல் போகிறது, ஆஃப் செய்து ஆன் செய்தால் ஏன் சில நாள் வருகிறது, கடையில் ஏன் வந்தது, மருந்துக்கடை ஏன் தெரிந்தது என்று எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இரண்டு வாரம் ராகுகாலத்தின் மேல் பழி போட்டிருக்கிறேன் பாருங்கள்.

சரிசெய்ய ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. மோடத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினால் அடியில் ஒரு ஸ்டிக்கர், எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். 192.168.1.1 என்ற எண்ணைப் பிரவுசரின் முகவரிப் பெட்டியில் அடித்தால் மோடத்தின் உள்பக்கம் திறக்கிறது, ஸ்டிக்கரில் இருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும் (சில மோடங்களில் எண் கொஞ்சம் மாறும், அதுவும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்). வயர்லெஸ் என்ற பக்கத்துக்குப் போய், 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல் 'ஆட்டோ' என்று இருந்ததை 6 என்று மாற்றி, சேமித்தான். விளக்குகள் அணைந்து ஒரு நிமிஷம் கழித்து எரிந்தன. லேப்டாப்பின் பட்டியலில் முதல் பெயராக எங்கள் வீடு வந்து உட்கார்ந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏன் 6 என்று கேட்டேன். சேனல்கள் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கியிருக்கின்றனவாம், ஆனால் ஒவ்வொன்றும் உட்கார ஏறக்குறைய இருபது மெகாஹெர்ட்ஸ் இடம் வேண்டுமாம், அதனால் பக்கத்துப் பக்கத்துச் சேனல்காரர்கள் ஒருவர் தொடைமேல் ஒருவர் உட்கார்ந்த கதையாகிவிடும். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று இடிக்காது. அந்த மூன்றில் எங்கள் தெருவில் 6-ல் கொஞ்சம் கூட்டம் குறைவு. உங்கள் தெருவில் வேறாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசகருக்கு: உங்களுடையது இங்கே வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் இந்த 13-ஆம் எண் கதை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, அதில் கம்ப்யூட்டர் இணைகிறதா பாருங்கள். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு செய்ய வேண்டும், அது முக்கியம். இணைந்துவிட்டால் உங்கள் கம்ப்யூட்டரின் கார்டு நன்றாக இருக்கிறது, தகராறு பெரும்பாலும் மோடத்தின் அமைப்பில். யார் என்ன சொன்னாலும் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரர் இதை என்னிடம் சொல்லியிருந்தால் என் எழுத்துருக்கள் பிழைத்திருக்கும்.

அப்புறம் 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. புது மோடங்களில் இரண்டு அலைவரிசையும் வரும். பழைய கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் மோடம் நம்மை அங்கேயும் இங்கேயும் தள்ளிப் பார்க்கும், பழைய கார்டு திணறும். மோடத்தின் உள்பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டால் நிம்மதி. 5-க்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. எங்கள் வீட்டைப் போல ஒன்றரைச் செங்கல் கனத்தில் பழைய சுவர் இருந்தால் கம்ப்யூட்டருக்கு 2.4-தான் நல்லது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் இரும்பு பீரோவை வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்று கம்பெனிக்காரரைத் திட்டும் வீடுகள் நிறைய, எங்கள் அண்ணன் வீடு உள்பட.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரியாக அடித்தும் தப்பு என்கிறது, அல்லது சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பூட்டைப் பாருங்கள். வைஃபைக்குப் போடும் பூட்டில் டபிள்யூபிஏ2 என்பது 2004-இல் வந்தது, டபிள்யூபிஏ3 என்பது 2018-இல் வந்தது. புது மோடத்தில் மூன்றாம் வகையோ, இரண்டும் கலந்ததோ போட்டிருந்தால் சில பழைய கார்டுகளுக்கு அந்தச் சாவி சேராது. மோடத்தில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றினால் சேரும். முழுக்கப் பூட்டைக் கழற்றிவிடுவது என்ற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தெருவே உங்கள் கணக்கில் படம் பார்க்கும். இதிலேயே இன்னொரு சின்னத் தொந்தரவு உண்டு: பழைய மோடத்துக்கு வைத்திருந்த அதே பெயரைப் புதியதற்கும் வைத்தால், விண்டோஸ் 7 தன்னிடம் சேமித்திருக்கும் பழைய விவரத்தை வைத்துக்கொண்டு 'பொருந்தவில்லை' என்று முரண்டு பிடிக்கும். சேமித்த பெயரை ஒருமுறை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தால் தீர்ந்தது.

இணைந்துவிட்டது, ஆனால் மஞ்சள் முக்கோணம், ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால், கம்ப்யூட்டருக்கு வந்திருக்கும் ஐ.பி. முகவரியை, அதாவது வீட்டு இணைப்பில் அதற்குக் கிடைத்த எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் மோடம் கொடுத்த முகவரி. 169.254 என்று தொடங்கினால் மோடம் ஒன்றும் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஒரு கதவு எண்ணை எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தபால்காரரும் வரமாட்டார். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்துப் பாருங்கள், மோடத்தையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். லேப்டாப் என்றால் பக்கவாட்டில் வைஃபைக்கென்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் உண்டு. துடைக்கும்போது துணி பட்டு நகர்ந்திருக்கும். சொன்னால் வெட்கம், எனக்கு 2014-இல் அது நடந்தது.

உண்மையிலேயே கார்டு போய்விட்டாலும்கூட ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு, கட்டைவிரல் அளவில், யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் கிடைக்கிறது. அதற்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) போட இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும் என்று ஒரு சிக்கல் வரும். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் போன் வழியாக இணையம் வரும், அதில் இறக்கிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாம் என்றால் மோடத்திலிருந்து நேராக ஒரு லேன் வயர். சுவரில் ஓட்டை போட வேண்டியிருக்கும், ஆனால் வயருக்கு 13-ஆம் சேனல், 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரு வம்பும் கிடையாது.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்த வருஷங்களில் வந்தவை இன்னும் எத்தனையோ வீடுகளில் அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கின்றன. விசாரித்தால் 'நெட் வரமாட்டேங்குது' என்றுதான் பாதிப் பேர் சொல்கிறார்கள். எடுத்து ஒருமுறை இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தட்டச்சுப் பழகவாவது ஆகும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன, குரோம் பிரவுசரும் அதற்கு 109-ஆம் பதிப்போடு சரி. நான் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை, பென்ஷன் விவரமும் பார்ப்பதில்லை, அவையெல்லாம் போனில்தான். எதிர்வீட்டுப் பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறான். டைப்ரைட்டர் விசை அமைப்பு அதில் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை உங்களுக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்கள், எதுவாக இருந்தாலும் சரி, மோடத்தை மாட்டிவிட்டுப் போகும்போது ஒரு பக்கத் தமிழ்த் தாளாவது கொடுக்க வேண்டும். உள்பக்கத்துக்குப் போகும் எண் எது, பாஸ்வேர்டு எது, சேனலை எங்கே மாற்றுவது, இரண்டு அலைவரிசைக்கும் பெயரை எப்படிப் பிரிப்பது, இவ்வளவுதான். எங்கள் பெட்டியோடு வந்த கையேடு முழுக்க ஆங்கிலம், அதுவும் ஸ்டிக்கரைவிடப் பொடி எழுத்து. சில இடங்களில் அந்தப் பாஸ்வேர்டை வாடிக்கையாளரிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருக்கிறார்களாம், மாதாமாதம் பணம் கட்டுவது நாம், சாவி அவர்களிடம். வீடுதோறும் வந்து மாட்டும் தம்பிகளுக்கும், வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் 2.4-ஐ 1, 6, 11 ஏதாவது ஒன்றில் நிறுத்திவிட்டுப் போகச் சொல்லித் தரலாம். ஒரு நிமிஷ வேலை. உங்கள் பத்திரிகையில் 'நாளை மின்தடை' என்று தினமும் ஊர்ப் பட்டியல் போடுகிறீர்களே, அந்த மாதிரி ஒரு சின்னக் கட்டத்தில் வாரம் ஒருநாள் இப்படி ஒரு தொந்தரவையும் தீர்வையும் போட்டால் நான் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மன்னார்குடி.

பி.கு.: கடிதத்தை அனுப்பும் முன் பின்தெரு நண்பரிடம் படித்துக் காட்டினேன். அவர் வீட்டு டெஸ்க்டாப்பில் வைஃபை இணைகிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வருகிறதாம், மோடம்தான் கெட்டுவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் திரையின் மூலையில் தேதி 1-1-2009. இணையதளங்கள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு, 2009-இல் வாழும் கம்ப்யூட்டருக்கு அவை இன்னும் பிறக்கவே இல்லை. உள்ளே மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி, சிஆர் 2032, அது தீர்ந்துபோயிருந்தது. கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுத் தேதியைச் சரிசெய்தோம், எல்லாம் திறந்துவிட்டன. நாற்பது ரூபாய். காபி அவர் வாங்கிக் கொடுத்தார்.